கோன்சிங் சொல்லாதது

பொரித்த மீன் இரண்டு துண்டு, ஒரு தட்டுச் சோறு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப். கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டாள் நாங் கோன்சிங்.

"சாப்பிடுங்க மேம். வெயில்ல வந்திருக்கீங்க."

"ஐயோ நாங், நான் சாப்பிட வரல. ரெண்டு போட்டோ எடுத்துட்டு, நாலு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

"சாப்பிட்டுட்டுக் கேளுங்க."

நாற்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி இருபது வயதுப் பெண்ணை மேம் என்று கூப்பிடுவது கிளாரிசெல்லுக்கு ஆரம்பத்தில் கூச்சமாகத்தான் இருந்தது. இந்த ஊரில் மூத்த பெண்ணை 'நாங்', அதாவது அக்கா, என்று சொல்லி மரியாதை காட்ட வேண்டியவள் கிளாரிசெல்தான். ஆனால் கழுத்தில் அறக்கட்டளையின் அடையாள அட்டை தொங்கினால் இலோயிலோவின் மோலோ ஆற்றோரத்தில் எல்லோருக்கும் மேம்தான். மூன்று மாதத்தில் அது பழகிவிட்டது. கொஞ்சம் பிடித்தும் போய்விட்டது.

உண்மையில் அவள் கல்லூரியில் கடைசி வருஷம். பட்டம் வேண்டுமானால் எங்காவது நானூறு மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை பழக வேண்டும். ஏழைப் பேட்டைகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில், மக்கள் தொடர்புப் பிரிவில் இடம் கிடைத்தது. செய்தி எழுதுவது, படம் எடுப்பது, ஃப்ளெக்ஸ் பேனருக்கு வாசகம் தேடுவது. இன்று வந்தது, 'குழாய் வந்து ஆறு வாரம்' என்று ஒரு சந்தோஷச் செய்தி எழுத. அதோடு கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையும் முடிந்துவிடும். கடைசிப் பக்கம் மட்டும்தான் பாக்கி. மேலே 'நான் கற்றுக்கொண்டவை' என்று அச்சடித்து, கீழே வெறும் கோடுகளாக விட்டிருந்தார்கள்.

மீனைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அவள் கோன்சிங்கின் சாப்பாட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். மணி பன்னிரண்டேகால். குழாய் திறந்த அன்று இந்த நேரத்துக்கு நிற்க இடமில்லை. மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நிற்க, ஓட்டுநர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்து, பாத்திர மூடிகளைத் திறந்து, "இது என்ன கோன்சிங், அது என்ன கோன்சிங்" என்று அமர்க்களம். இன்றைக்கு மூன்று பெஞ்சும் காலி. துவரையும் பலாக்காயும் போட்ட பன்றிக்கறி விளிம்புவரை இருந்தது. சூப் பானை அடுப்பின்மேல் தொடாமல் நின்றது.

ஒரே ஒரு வண்டி வந்து நின்றது. நோங் தாசியோ, அதாவது தாசியோ அண்ணன். ஓட்டுநர்களுக்கெல்லாம் மூத்தவர். வாயை மூடிக்கொண்டு ஒரு தெருவைக் கடக்க மாட்டார். இன்று பேசாமல் இறங்கி, கறிப்பாத்திரத்தின் மூடியைத் தூக்கி, முகர்ந்து பார்த்து, திரும்ப மூடினார்.

"சோறு ஒண்ணு, பொரிச்ச மீன் ஒண்ணு. சூப் வேண்டாம்."

"சரி நோங்" என்றாள் கோன்சிங்.

வெளியே எங்கோ வாங்கிய தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்து, அவர் எதிரே உட்கார்ந்தார்.

"என்ன நோங், சூப் வேண்டாம்கிறீங்க?" என்றாள் கிளாரிசெல் சிரித்தபடி. "குழாய் திறந்த அன்னிக்கு மூணு கிண்ணம் குடிச்சீங்களே. நான் எண்ணினேன்."

"அது அந்த ஃப்ளெக்ஸைப் படிக்கிறதுக்கு முன்னாடி மேம்."

"எந்த ஃப்ளெக்ஸ்?"

அவர் கரண்டியால் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டினார். குழாயடிக்கு மேலே, இரண்டு கம்பத்துக்கு நடுவே, ஓர் ஆள் உயரத்துக்குக் கோன்சிங்கின் முகம். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். பக்கத்தில் பெரிய நீல எழுத்துகள்:

'ஆற்றோரக் குழியில் தண்ணீர் எடுத்தோம். என் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றதே இல்லை. இன்று எங்கள் வீட்டில் உயிர் ஓடுகிறது. - கோன்சிங், ஒரு தாய்.'

"இப்பத்தான் நல்ல தண்ணி வந்துடுச்சே நோங்" என்றாள் கிளாரிசெல். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"இப்ப வந்துடுச்சு. ஆறு வருஷமா நான் குடிச்ச சூப்பு? ஒரு நாளைக்கு ரெண்டு கிண்ணம்னு போடுங்க. எந்தத் தண்ணி கோன்சிங்னு கேட்டா, முனைக்கடை கேன் தண்ணி நோங்னு சொல்வா. என் பேரனைக்கூட இங்க கூட்டிட்டு வந்து குடிக்க வச்சேன். இப்ப பாத்தா ஆத்தங்கரைக் குழி! அவ வாயாலயே சொல்லியிருக்கா, போட்டோவோட. குழியிலகூட நான் கோவப்படல. பொய் சொன்னாளே, அதான். இனி எதைச் சொன்னா நம்பறது?"

"அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு வந்தீங்க?"

"பொரிச்சதுல தண்ணி இல்லையே" என்றார் தாசியோ. "மத்தவங்க அதுக்குக்கூட வர்றதில்ல. சந்தைப் பக்கம் போறாங்க."

கோன்சிங்கின் காதில் எல்லாம் விழுந்திருக்கும். அவள் திரும்பி நின்று, சுத்தமாக இருந்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிளாரிசெல் கையிலிருந்த மீனைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். ஏனென்றால் அந்த வாசகத்தில் ஒரு சொல்கூடக் கோன்சிங் சொன்னதில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே சோதனைக்காகக் குழாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். அப்போது கோன்சிங் சொன்னது வேறு. "முன்னெல்லாம் முனைக்கடை வரைக்கும் போய் கேனைச் சுமந்துட்டு வரணும். விடியறதுக்குள்ள நாலு நடை. இப்ப எதிர்லயே குழாய். இடுப்பு வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு." அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் மேலதிகாரி மேம் ஜோசெட்டிடம் காட்டியபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இடுப்பு வலியா? செல்லம், இடுப்பு வலிக்கு யாரு உருகுவா? எனக்கே இருக்கு இடுப்பு வலி. முன்னாடி இருட்டு, இப்ப வெளிச்சம். அப்படி ஏதாவது இல்லையா?"

"அவங்க அப்படி எதுவும் சொல்லல மேம்."

"சொல்லத் தெரியாம இருந்திருக்கும். அதுக்குத்தான நாம இருக்கோம். எழுதிட்டு, படிச்சுக் காட்டிட்டு, கையெழுத்து வாங்கிடு. எல்லாரும் செய்யறதுதான்."

அரை மணி நேரத்தில் எழுதினாள். எழுதியபோது உடம்பு சிலிர்த்தது என்பதும் உண்மை. 'உயிர் ஓடுகிறது' என்ற வரியை மேம் ஜோசெட் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "கை இருக்கு உனக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கிளாரிசெல் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

படித்துக் காட்டாமலும் இல்லை. திறப்பு விழா நாளில், விருந்தினர் அறுபது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தவளிடம், புகைக்கு நடுவே, கடகடவென்று படித்தாள்.

"சரியா நாங்?"

கோன்சிங் புருவத்தை உயர்த்தினாள். சிரித்தாள். "நீங்க படிச்சவங்க மேம். உங்களுக்குத் தெரியாததா?" ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இலோயிலோவில் புருவத்தை உயர்த்தினால் சரி என்று அர்த்தம். ஆனால் எந்தச் சரி என்று இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? ஒருமுறை பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, திருவிழா விருந்துக்கு உங்கள் சேவலைத் தருவீர்களா என்று கேட்டபோது கிளாரிசெல்லின் அம்மா அச்சாக இதே மாதிரிதான் புருவத்தை உயர்த்திச் சிரித்தாள். சாமியார் தலை மறைந்ததும் சேவலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் வருகிற சிரிப்பு அது. கிளாரிசெல் அதைப் பார்த்தாள். இன்னதென்றும் தெரிந்தது. தெரிந்தும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

தாசியோ சாப்பிட்டுவிட்டுப் போனதும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"நாங், நீங்க ஏன் வண்டிக்காரங்ககிட்ட சொல்லல? நான் சொன்னதில்ல, அவங்களா எழுதினதுன்னு?"

"அது எப்படி மேம் சொல்றது?" கோன்சிங் தலையைத் தூக்கவில்லை. "தண்ணி கொடுத்தவங்க. அவங்களைப் பொய்க்காரங்கன்னு நான் சொன்னா, ஊர் என்ன சொல்லும்? குடிச்ச வாய் ஈரம் காயறதுக்குள்ள பேசறா பாருன்னு சொல்லாது?"

"கேன் கடைக்காரர்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. அவருக்குத் தெரியுமே, நீங்க வாங்கினது."

"குழாய் வந்ததும் அவன் கடையை மூடிட்டு அக்கரைக்குப் போயிட்டான். விடியக்காலத்துல நான் சுமந்ததை வேற யாரு பாத்தா?" சூப் பானையைப் பார்த்தாள். "இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். பரவாயில்ல மேம். போட்டோ எடுக்கணும்னீங்களே. எங்க நிக்கட்டும்?"

கிளாரிசெல் போட்டோ எடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போனவள் மேம் ஜோசெட்டின் மேசைமுன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஜோசெட் கெட்டவர் இல்லை. கேட்கக் கேட்க முகம் வாடியது. "ஐயோ பாவம்" என்று இரண்டு தடவை உண்மையாகவே சொன்னார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அதைக் கழட்டிடலாம். நாளைக்கே. புதுசா ஒண்ணு அடிப்போம். 'கோன்சிங்கின் சுத்தமான சமையலறை.' அவங்க வியாபாரத்துக்கும் விளம்பரமாச்சு. எழுது."

"நாம எழுதினது தப்புன்னு ஊர்ல சொல்ல வேண்டாமா மேம்?"

"அதை மட்டும் சொல்லாத. ஒரு இடத்துல நாம புனைஞ்சு எழுதினோம்னு வெளிய வந்தா, மத்த நாப்பது ஊர்லயும் எழுதினதெல்லாம் சந்தேகம்பாங்க. அப்புறம் அடுத்த குழாய் யாரு போடுவா? கையெழுத்து இருக்கு. நாம தப்பு செய்யல. புரியுதா? உன் மணி நேரக் கணக்குல நான்தான் கையெழுத்துப் போடணும்ங்கறதையும் மறந்துடாத." இதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவள் எழுதினாள். இதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசும். அழுதுகொண்டே உட்கார்ந்தவள், நான்காவது வரியில் அழுகையை மறந்துவிட்டாள். 'என் அடுப்பில் ஒரு சொட்டு அழுக்கு இருந்ததில்லை. என் கைதான் அதற்குச் சாட்சி.' நன்றாக வந்திருக்கிறது என்று தோன்றியது. மேம் ஜோசெட்டும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் காலை ஆபீஸ் ஆட்கள் பழைய ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்க, புதிதாக அச்சடித்ததைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பெஞ்சின்மேல் விரித்துக் காட்டினாள். கோன்சிங் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

கிளாரிசெல் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உயரவில்லை.

"இதையும் நான் சொல்லலையே" என்றாள் கோன்சிங்.

கிளாரிசெல் ஃப்ளெக்ஸின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

"எனக்காகத்தான் எழுதியிருக்க, தெரியுது. ஆனா நான் சொல்லல." 'மேம்' போய்விட்டது, 'நீங்க'வும் போய்விட்டது. "இந்தாய், உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

இந்தாய் என்றால் இந்த ஊரில் வீட்டுப் பெண்பிள்ளை. கிளாரிசெல் தலையசைத்தாள்.

"எனக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். மத்தியானம் வரைக்கும் இருப்பியா?"

"இருக்கேன் நாங்."

"இந்த முன்பெஞ்சுல உக்காந்து சாப்பிடு. எல்லாரும் பாக்கற மாதிரி."

அவ்வளவுதான் சொன்னாள். மீதியை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே கிளாரிசெல்லுக்குப் புரிந்தது. வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தாசியோ வந்தார். இன்று அவருடன் இரண்டு பேர். சந்தைப் பக்கம் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் போல. முன்பெஞ்சில் அட்டை தொங்கும் பெண்ணையும், பக்கத்தில் சுருட்டி வைத்த ஃப்ளெக்ஸையும் பார்த்ததும் அவர் முகத்தில் பழைய குறும்பு வந்துவிட்டது.

"என்ன மேம், இன்னொரு சினிமாவா? இந்தத் தடவை யாருக்கு வயித்துப்போக்கு?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். கோன்சிங் கரண்டியால் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கிளாரிசெல் எழுந்து நின்றாள். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஆனால் வாயில் வந்தது அவையல்ல. மூன்று மாதத்தில் பழகிய வார்த்தைகள் வந்தன.

"நோங், அந்த பேனர் விஷயமா, ஆபீஸ்ல ஒரு சின்னத் தவறு நடந்துடுச்சு..."

கரண்டி நின்றது.

கோன்சிங் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டி மட்டும் நின்றது. அந்த அமைதியில் தான் பேசியது தன் காதிலேயே விழுந்தது கிளாரிசெல்லுக்கு. நடந்துவிட்டதாம். மழை பெய்வதுபோல தானாக நடந்துவிட்டதாம். காது நுனிவரை சூடு ஏறியது.

"இல்ல" என்றாள். "ஆபீஸ் இல்ல. நான். அதை நான் எழுதினேன் நோங். நாங் கோன்சிங் அப்படிச் சொல்லவே இல்ல. அவங்க சொன்னது, முனைக்கடையிலேர்ந்து கேன் தண்ணி சுமந்தேன், இப்ப இடுப்பு வலி குறைஞ்சிருக்குன்னு. அது நல்லாயில்லன்னு நானே மாத்தி எழுதினேன். குழி, வயித்துப்போக்கு எல்லாம் என் கற்பனை."

தாசியோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப பிள்ளைங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அவங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைன்னுகூட நான் கேக்கல."

"ஒரே பிள்ளை" என்றார் தாசியோ. "மணிலாவுல இருக்கான். கப்பல் வேலைக்குப் படிக்கிறான். வயித்துப்போக்கு வந்து நாங்க யாரும் பாத்ததில்ல, காளை மாதிரி இருப்பான்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானும் ஒரு மடையன். இது எனக்கே தெரிஞ்சிருக்கணுமே. பெருசா அச்சடிச்சு மாட்டியிருந்ததும் நம்பிட்டேன்."

கூட வந்தவர்களில் இளையவன் கேட்டான்: "உங்கம்மா போட்டோ போட்டு இப்படி எழுதுவீங்களா மேம்?"

அவன் கேலியாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். கிளாரிசெல்லுக்கு அம்மாவும் அந்தச் சேவலும் கண்முன் வந்து நின்றார்கள். எல்லோரும் பார்க்க, சோற்றுத் தட்டின்முன் நின்றபடியே அழுதாள்.

"சரி சரி, உக்காரு" என்றார் தாசியோ. "அழுது சூப்புல உப்பு கூடிடப் போகுது." பிறகு குரல் மாறியது. "ஆனா என்கிட்ட சொன்னா மட்டும் போதாது. நம்ம ஸ்டாண்டுல பன்னெண்டு வண்டி. எல்லார்கிட்டயும் நான்தான் போய்ப் போய் சொன்னேன், கோன்சிங் ஏமாத்திட்டான்னு. இப்ப நான் மாத்திச் சொன்னா, சூப்புக்கு விலை போயிட்டான் கிழவன்பாங்க. நீயே சொல்லணும். நாளைக்கு வருவியா?"

"வரேன் நோங்."

அவர் கோன்சிங் பக்கம் திரும்பினார். கிண்ணத்தை எடுத்து நீட்டினார். கோன்சிங் வாங்கி, அதில் சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தாள். அவளுக்கும் கோபம் இருக்காதா என்ன?

கிளாரிசெல் நான்கு நாள் வந்தாள். முன்பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். வருகிற ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று சொன்னாள். ஐந்தாவது ஆளுக்குச் சொன்னபோது முதல் ஆளுக்குச் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர் "படிச்ச பிள்ளையாம்" என்று எழுந்து போனார். இரண்டு பேர் நம்பவே இல்லை. கோன்சிங்தான் இந்தப் பெண்ணைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள் என்றார்கள். நான்காம் நாள் முடிவில் பன்னிரண்டு வண்டியில் ஏழுதான் கடைமுன் நின்றது. கடையை இந்த மாதம் மூட வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கோன்சிங்கின் கணவர் சொல்லியிருந்தார்.

மேம் ஜோசெட்டுக்குச் செய்தி எட்டிவிட்டது. மணி நேரக் கணக்கில் கையெழுத்துப் போடவில்லை. "நான் சொல்லாதன்னு சொன்னேன்" என்றார், அவ்வளவுதான். கிளாரிசெல் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். வேறெங்காவது நானூறு மணி நேரத்தைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இருந்தாலும் செய்தவரைக்குமான அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுத்தாக வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு, முன்பெஞ்சில் அந்தக் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'நான் கற்றுக்கொண்டவை.' நேர்மை, பொறுப்பு என்று ஏதேதோ வந்தன. எல்லாமே நன்றாக வந்தன. அதனாலேயே ஒவ்வொன்றையும் அடித்தாள். கடைசியில் வேறொன்று எழுதினாள்.

"நாங், ஒரு நிமிஷம். உங்க பேர்ல ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

கோன்சிங் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எதிரே வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அடுப்பு அணைந்திருந்தது, அவசரம் இல்லை.

"'நாங் கோன்சிங் சொன்னது: முன்னெல்லாம் முனைக்கடை வரைக்கும் போய் கேனைச் சுமந்துட்டு வரணும். விடியறதுக்குள்ள நாலு நடை. இப்ப எதிர்லயே குழாய். இடுப்பு வலி குறைஞ்சிருக்கு.' சரியா நாங்?"

கோன்சிங் யோசித்தாள். சிரிக்கவில்லை.

"இல்ல" என்றாள்.

"இல்லையா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு சொன்னேன். கொஞ்சத்தை விட்டுட்ட. நேத்துகூட இடுப்பு நிமிர்த்த முடியல."

கிளாரிசெல் தலையைக் குனிந்துகொண்டு, அந்த வரிக்கு நடுவே, பொடி எழுத்தில், 'கொஞ்சம்' என்று நுழைத்து எழுதினாள்.

"இப்ப திரும்பப் படி" என்றாள் கோன்சிங்.